மூலன் மனைவி கண்டது

சாத்தனூர் மாடுகளுக்கு உடல் போதுமானதாக இருந்தது. மூலனின் மனைவிக்குப் போதவில்லை.

பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் திருமூலர் கதையை ஓர் அற்புதக் கதையாகவே கேட்டு வளர்ந்திருக்கிறோம். கயிலையிலிருந்து அகத்தியரைக் காணத் தெற்கே வந்த யோகி ஒருவர் திருவாவடுதுறையை வணங்கிவிட்டுப் புறப்படுகிறார். காவிரிக் கரையில் சாத்தனூரைச் சேர்ந்த மூலன் என்ற இடையன் இறந்து கிடக்கிறான். மாடுகள் அவனைச் சுற்றி நின்று கதறுகின்றன. அந்தக் கதறலைத் தாங்காத யோகி, தன் உடலைப் பத்திரமாக ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் புகுந்து எழுகிறார். மாடுகள் நக்குகின்றன, மோந்து பார்க்கின்றன, வாலைத் தூக்கித் துள்ளுகின்றன, மேயப் போய்விடுகின்றன. பொழுது சாய்கிறது. கணவன் வரவில்லையே என்று மனைவி தேடி வருகிறாள். அதே முகம், அதே கை கால். ஆனாலும் இவருக்கு என்னவோ நேர்ந்துவிட்டது என்று அவள் மனம் அடித்துக்கொள்கிறது. தொடப் போகிறாள், அவர் விடவில்லை. உனக்கும் எனக்கும் இங்கே உறவில்லை என்று சொல்லி ஊர் மடத்துக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறார். இரவெல்லாம் அவள் உறங்கவில்லை. மறுநாள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். அவர்கள் வந்து பார்த்து, இது பித்தும் இல்லை, வேறு நோயும் இல்லை, இவர் யோகத்தில் இருக்கிறார், இனி உன்னோடு வரமாட்டார் என்று சொல்லி அவளைக் கூட்டிப் போகிறார்கள்.

கதை அத்தோடு அவளை விட்டுவிடுகிறது. அரச மரத்தடியில் அமர்ந்து ஆண்டுக்கொரு பாடலாக 3000 பாடல் செய்த திருமூலரின் பின்னே போய்விடுகிறது. எனக்கு அவளைக் கடந்து போக முடிவதில்லை. அவள் எதைக் கண்டாள்? அன்று ஒரு மருத்துவர் வந்து பார்த்திருந்தால் நாடி ஓடுகிறது, மூச்சு வருகிறது, கண் பார்க்கிறது என்றுதான் சொல்லியிருப்பார். அளக்கக்கூடிய எல்லாவற்றிலும் அவன் மூலன். அளக்க முடியாத ஒன்றில் மட்டும் இல்லை. அந்த ஒன்றுக்கு அவளிடம் பெயர் கிடையாது, சாட்சியமும் கிடையாது.

இந்தக் கேள்வியைப் பெயரும் சாட்சியமும் உள்ளதாக மாற்ற முயன்றவர்கள் அதே திருவாவடுதுறையில் பின்னால் வந்தார்கள். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் போகிற தடத்தில், ஆடுதுறையைத் தாண்டினால் நரசிங்கன்பேட்டை; அதை ஒட்டித் திருவாவடுதுறை. ஆடுதுறையில் 1922இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஜப்பானிய நெல்லையும் நம் நெல்லையும் இணைத்து அங்கே உருவான ஆடுதுறை 27, 1960களில் தஞ்சை வயல்களின் பருவக் கணக்கையே மாற்றியது. நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிறார்கள். திருவாவடுதுறையில் சைவ ஆதீனம். விதைக்குள் என்ன இருக்கிறது, மரத்துக்குள் காற்று என்ன செய்கிறது, உடலுக்குள் அறிகிறது எது என்று மூன்று விசாரணைகள் சில மைல் தொலைவுக்குள் நடந்திருக்கின்றன. மூன்றாவதுதான் வெளியே அதிகம் பேசப்படாதது.

13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் செய்த சிவஞானபோதம் 12 சூத்திரம், 40 வரி. அதற்குத் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய பேருரைதான் மாபாடியம். அவர் 1785இல் மறைந்தார். நூல் நெடுங்காலம் மடத்துக்குள் சுவடியாகவே காக்கப்பட்டு, 20ஆம் நூற்றாண்டில்தான் முழுமையாக அச்சேறியது. தமிழில் தர்க்கம் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் அதன் மூன்றாம், நான்காம் சூத்திர உரையைப் படிக்க வேண்டும். நம் பல்கலைக்கழகங்களின் தத்துவத் துறைகளில் அதை வரிவரியாகப் படிப்பவர்கள் அருகிவிட்டது எனக்கு ஆறாத வருத்தம்.

மூன்றாம் சூத்திரம் உடலை மாயையால் ஆன ஓர் இயந்திரம் என்கிறது. இந்தச் சொல்லாட்சியில் ஏளனம் இல்லை. இயந்திரம் என்றால் உறுப்புகள் உண்டு, இயக்கம் உண்டு, ஆராயலாம், பழுது பார்க்கலாம். சைவ சித்தாந்தம் இதோடு நிற்கவில்லை. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்ற நான்கையும் இயந்திரத்தின் பக்கமே தள்ளிவிடுகிறது. நினைப்பது, தீர்மானிப்பது, நினைவில் வைப்பது, ‘நான்’ என்று எழுவது, எல்லாமே சடத்தின் வேலை; 36 தத்துவங்களுக்குள் அடங்கியவை. மேலை நாட்டில் டெகார்த் 17ஆம் நூற்றாண்டில் கோடு போட்டபோது சிந்தனையை ஆன்மாவின் பக்கம் வைத்தார். பிறகு மூளையில் அடிபட்டவர்களின் சிந்தனையே மாறிப்போவதை மருத்துவம் காட்டக் காட்ட, அந்தக் கோடு பின்வாங்கிக்கொண்டே போனது. மெய்கண்டார் போட்ட கோட்டுக்கு அந்தச் சங்கடம் இல்லை. நினைவாற்றல் மூளையின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று ஒருவர் கண்டுபிடித்தால் சித்தாந்தி கலங்க வேண்டியதில்லை. சித்தம் கருவி என்று அவர் முன்பே ஒப்புக்கொண்டவர்.

உறக்கத்தைச் சித்தாந்திகள் பகுத்த விதத்தைப் பார்க்க வேண்டும். நனவில் ஆன்மாவோடு சேர்ந்து இயங்குபவை 35. ஐந்து அறிபொறிகள், ஐந்து தொழிற்பொறிகள், அந்தப் பத்துக்கும் உரிய புலன்களும் செயல்களுமாகப் பத்து, வாயுக்கள் பத்து, அந்தக்கரணம் நான்கு, புருடன். கனவுக்குள் போகும்போது பொறிகள் பத்தும் கழன்றுவிடுகின்றன, 25 மிஞ்சும். கண் மூடியிருக்கக் காட்சி மட்டும் ஓடுவது அதனால்தான். ஆழ்ந்த உறக்கத்தில் சித்தம், பிராணன், புருடன் என மூன்று. அதற்கும் அப்பாலான துரியத்தில் சித்தமும் போய் இரண்டு. துரியாதீதத்தில் புருடன் ஒன்றே. உணர்வு என்பதை எரிகிறது அல்லது அணைந்தது என்ற இரண்டே நிலையாகப் பார்க்காமல், எந்தக் கருவி எப்போது விலகுகிறது என்று படிப்படியாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். மனித மூளையின் மின்னலைப் பதிவை ஹான்ஸ் பெர்கர் வெளியிட்டது 1929இல். தூக்கத்துக்குள் கண்கள் வேகமாக அசையும் தனி நிலை ஒன்று உண்டு, அதில் எழுப்பினால் பெரும்பாலும் கனவைச் சொல்கிறார்கள் என்று சிகாகோவில் அசரின்ஸ்கியும் கிளைட்மனும் அறிவித்தது 1953இல்.

இதைச் சொன்னதும் ‘அப்போதே நம் முன்னோர்கள்’ என்று கைதட்டுகிற கூட்டம் ஒன்று உண்டு. அந்தக் கைதட்டல் மெய்கண்டாரை அவமதிப்பது. அவர்கள் மின்னலையைக் காணவில்லை. காண முயலவும் இல்லை. நனவுக்குப் புருவநடு, கனவுக்குக் கண்டம், உறக்கத்துக்கு இருதயம் என்று அவர்கள் சொன்ன இடங்களை நரம்பியல் படத்தின் மேல் ஒட்டவைப்பது இரண்டு சாத்திரத்துக்கும் செய்யும் அநியாயம். அவர்கள் கையாண்டது வேறு வழி: தன்னையே கவனிப்பது, கவனித்ததை எதிராளி முன் வைத்து வாதாடுவது. அந்த வழியில் எட்டக்கூடியது எவ்வளவோ அவ்வளவு எட்டினார்கள்.

இப்போது கருவிகளெல்லாம் அறிவியலுக்கு என்று கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை எடுத்துக்கொள்வோம். அவர் வழக்கமான திமிரியை விட்டு, சுருதி இறங்கிய நீளமான பாரி நாயனத்துக்கு மாறியவர். அது நரசிங்கன்பேட்டைப் பட்டறையில் உருவானது. குழலின் நீளம், துளைகளின் இடம், சீவாளி நாணலின் அதிர்வு, ஒவ்வொரு காந்தாரத்தின் அலைவு எண், கேட்பவரின் செவிநரம்பில் ஏறும் துடிப்பு, மூளையில் அது பரவும் தடம், அத்தனையையும் ஒருவர் அளந்து முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவுகளில் பிழையே இல்லை. பிறவியிலேயே செவி கேளாத ஒருவர் அந்த அளவுகளை முழுதும் படித்துத் தேர்ந்துவிட்டார். அவருக்குத் தோடி தெரியுமா? ஆஸ்திரேலியத் தத்துவவாதி ஃபிராங்க் ஜாக்சன் 1982இல் நிறத்தை வைத்து இதே வகையான கேள்வியை எழுப்பினார். டேவிட் சால்மர்ஸ் 1995இல் இதை உணர்வின் கடினமான சிக்கல் என்றார்: மூளையின் வேலைகளை எல்லாம் விளக்கிய பிறகும், அந்த வேலைகள் ஏன் ஒருவருக்கு அனுபவமாக இருக்கின்றன என்பது விளக்கப்படாமல் நிற்கிறது.

1998இல் ஜெர்மனியின் பிரெமன் நகரில் சால்மர்ஸுடன் நரம்பியலாளர் கிறிஸ்டஃப் காக் பந்தயம் கட்டினார். உணர்வுக்குக் காரணமான மூளை இயக்கத்தை 25 ஆண்டுகளில் தெளிவாகக் காட்டிவிடுவோம் என்று. 2023 ஜூனில் நியூயார்க்கில் கூடிய மாநாட்டு மேடையில் காக் தோல்வியை ஒப்புக்கொண்டு, பேசியபடி ஒயின் கொடுத்தார். இன்னும் 25 ஆண்டுக்கு மறுபடி பந்தயம் கட்டவும் முன்வந்தார். அந்த மேடையை நான் மிகவும் மதிக்கிறேன். தோற்றேன் என்று நாள் குறித்து ஒப்புக்கொள்ளும் பண்பு எந்த மடத்துக்கும் எந்தத் துறைக்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

உலகாயதர்கள் இந்தச் சிக்கலே பொய் என்பார்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றிலும் இல்லாத சிவப்பு மூன்றும் சேர்ந்தால் வருகிறதே, அப்படிப் பூதங்கள் கூடினால் அறிவு வரும் என்பது அவர்களின் பழைய வாதம். கும்பகோணம் கொழுந்து வெற்றிலை போட்டுச் சிவந்த வாய்களுக்கு நடுவே வளர்ந்த எனக்கு இதை லேசாகத் தள்ளிவிட முடிந்ததில்லை. இன்றைய நரம்பியலில் பெரும்பகுதி இதே நம்பிக்கையில்தான் நடக்கிறது, நல்ல பலனும் தருகிறது. ஆனால் சிவப்பு புதிதாக வந்தாலும் அது பார்க்கப்படும் பொருள்தான். கூட்டத்திலிருந்து எத்தனை புதுக்குணம் பிறந்தாலும் அவை காணப்படுபவை. காண்பவன் அந்தக் கணக்கில் எங்கே வந்தான் என்ற கேள்வி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஆன்மா உண்டு என்பதற்கு மூன்றாம் சூத்திரம் தரும் காரணங்களில் எல்லாமே எனக்கு ஒரே வலுவுடையதாகத் தெரியவில்லை. ‘எனது உடல்’ என்கிறோம், ஆகவே உடல் வேறு நான் வேறு என்ற வாதம், ‘எனது உயிர்’ என்றும் சொல்கிறோமே என்ற ஒரு கேள்விக்கே தடுமாறும். உரைகாரர்கள் சமாதானம் சொல்கிறார்கள், எனக்கு நிறைவாக இல்லை. உறங்குபவனுக்கு மூச்சு ஓடுகிறது, ஆனால் உண்பதும் வினை செய்வதும் இல்லை, ஆகவே பிராணன் ஆன்மா ஆகாது என்பது கூர்மையானது. மூளைத்தண்டு மூச்சை நடத்திக்கொண்டிருக்க உணர்வு இல்லாமல் கிடக்கும் நோயாளிகளைக் கண்ட இன்றைய மருத்துவருக்கு அது உடனே புரியும். எல்லாவற்றிலும் ஆழமானது கடைசிக் காரணம். உணர்த்தினால் உணர்கிறது, ஆகவே அறிவுடைய ஒன்று அங்கே இருக்கிறது.

என் பெரியப்பா மூளையில் ரத்தம் கசிந்து தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் கிடந்தார். பார்க்க வந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் வாசலில் கேட்டது ஒரே கேள்வி: “நெனவு இருக்கா?” பெரியம்மா அவர் காதருகே குனிந்து, “என்னங்க, நான்தான். நாத்தங்காலுக்குத் தண்ணி வந்துடுச்சு” என்றார். இமை அசைந்தது. பக்கத்தில் நின்ற இளம் மருத்துவர் மிகுந்த பரிவோடு, “அம்மா, அது தானா நடக்கிற அசைவு. வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார். “கேட்டுச்சு தம்பி, அவருக்குக் கேட்டுச்சு” என்றார் பெரியம்மா. மருத்துவர் மறுத்துப் பேசவில்லை. அவர் சொன்னதில் பொய்யில்லை. பெரியம்மா சொன்னதும் பொய் என்று நிறுவ அந்த அறையில் எந்தக் கருவியும் இல்லை.

2006இல் இங்கிலாந்தில் ஏட்ரியன் ஓவன் குழுவினர் செய்த சோதனையைப் பின்னாளில் படித்தபோது அந்த அறை நினைவில் எழுந்தது. சாலை விபத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் எந்த எதிர்வினையும் இல்லாமல் கிடந்த 23 வயதுப் பெண். மூளையை ஸ்கேன் செய்தபடியே, டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள் என்றார்கள். பிறகு உன் வீட்டு அறைகளில் நடப்பதாக நினைத்துக்கொள் என்றார்கள். நலமாக இருப்பவர்கள் அப்படி நினைக்கும்போது மூளையின் எந்தெந்தப் பகுதிகள் விழிக்குமோ அவையே அவளிடமும் விழித்தன. படுக்கையருகே நடந்த பரிசோதனைகள் எல்லாம் இல்லை என்று சொன்ன இடத்தில் ஒருத்தி இருந்தாள். அங்கே அறிவியல் செய்ததை நான் தலைவணங்கி ஏற்கிறேன். உடல் காட்டும் அடையாளம் போதாது என்று கண்டு, அவளிடம் பேசி, காத்திருந்து, பதில் வாங்கியது. உணர்த்தி, உணர்கிறதா என்று பார்த்தது. ஆனாலும் படத்தில் தெரிந்தது ரத்த ஓட்டத்தின் மாற்றம். அவள் இருக்கிறாள் என்பது அதைப் பார்த்தவர்கள் செய்த அனுமானம். எதிரே உட்கார்ந்து பேசும் நண்பருக்கு உணர்வு உண்டு என்று நான் நம்புவதும் அனுமானமே. பிறர் உணர்வு ஒருபோதும் காட்சிக்கு வருவதில்லை. அனுமானத்தால் மட்டுமே அறியப்படுகிறது.

அறிவியலின் எல்லை என்று இங்கே கோடு கிழித்து, அதற்கு அப்பால் ஆன்மிகத்தின் ஆட்சி என்று அறிவித்துவிடுவது இன்று மிகவும் பழக்கமாகிவிட்டது. இயற்பியலாளர் எர்வின் ஷ்ரோடிங்கர் துணைக்கு அழைக்கப்படுவார். அவர் உபநிடதத்தில் மனம் தோய்ந்தவர் என்பது உண்மை. 1944இல் வெளிவந்த, உயிர் என்பது என்ன என்று விசாரித்த நூலின் முடிவில் ஆன்மாவும் பிரமமும் ஒன்று என்ற கருத்தை எடுத்துரைத்ததும் உண்மை. உணர்வு ஒருமை மட்டுமே, அதற்குப் பன்மை இல்லை என்பது அவர் நம்பிக்கை. ஆனால் இதைத் திருவாவடுதுறையில் சொல்லியிருந்தால் வாதுக்கு அழைத்திருப்பார்கள். உயிர்கள் பல என்பது சித்தாந்தத்தின் உறுதியான நிலைப்பாடு. இந்துத் தத்துவம் சொல்கிறது என்று ஒரே குரலாகப் பேசுபவர்கள், உமாபதி சிவம் 1313இல் சங்கற்ப நிராகரணத்தில் யார் யாரோடு மல்லுக்கட்டினார் என்று ஒருமுறை பார்க்கட்டும்.

சித்தாந்தம் அறிவை மூன்றாகப் பிரிக்கிறது: பாச ஞானம், பசு ஞானம், பதி ஞானம். பொறிகளாலும் மனத்தாலும் சொல்லாலும் அறிவதெல்லாம் பாச ஞானம். நுண்ணோக்கியும் ஸ்கேனும் இந்தப் பக்கம் என்பது தெளிவு. ஆனால் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இந்தப் பட்டியலில் வேறு எவற்றையெல்லாம் சேர்க்கிறார் என்று பார்த்தால் திகைப்பு வரும். வேதம், சாத்திரம், மிருதி, புராணம் என்று ஓதி அறியும் கல்வியும் பாச ஞானமே. ஆய்வுக்கூடமும் பாடசாலையும் ஒரே திண்ணையில் உட்கார்த்தப்படுகின்றன. அடுத்து, நானே பிரமம் என்று தன்னைத் தான் அறிந்துவிட்டதாக எழும் அறிவு பசு ஞானம். அதுவும் பதியாகிய இறைவனை எட்டாது. எல்லை அறிவியலுக்கு மட்டும் போடப்பட்டதல்ல. வேதம் ஓதுகிறவருக்கும் தியானத்தில் அமர்ந்து ‘கண்டேன்’ என்கிறவருக்கும் அதே எல்லை. அறிபவன்மீதே ஆணவம் என்னும் இருள் ஒட்டியிருக்கிறது. அது செம்பில் களிம்புபோல உடன்பிறந்தது என்பார்கள். அறிவியல் போதாது என்று முழங்குபவர் தம் அறிவையும் அந்த எல்லைக்குள் நிறுத்திக்கொண்டுதான் பேச வேண்டும்.

இதற்கு அவர்கள் கண்ணைச் சான்றாகக் காட்டுகிறார்கள். கண் பொருளைக் காண்கிறது. தன்னைக் காணாது, தனக்குக் காட்டுகின்ற உயிரையும் காணாது. அதுபோல உயிரும் தன்னையும் தனக்குக் காட்டுபவனையும் தானாகக் காண மாட்டாது. தஞ்சாவூரில் 1798 முதல் 1832 வரை அரசராக இருந்த இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகாலில் கண்நோயாளிகளுக்கு மருத்துவம் செய்வித்தார். நோயுற்ற கண்களை வண்ணத்தில் வரைந்து, நோயின் போக்கைப் பக்கத்தில் எழுதி வைத்த ஏடுகள் சரசுவதி மகாலில் உள்ளன. சிவஞான முனிவர் மறைந்தபோது சரபோஜி சிறுவன். ஒரே காவிரிக்கரையில், ஒரு தலைமுறைக்குள், கண் இரண்டு விதமாக ஆராயப்பட்டிருக்கிறது. ஒன்று திரை விழுந்த கண்ணைத் திறந்தது. மற்றது திறந்த கண்ணுக்குப் பார்வை எங்கிருந்து வருகிறது என்று கேட்டது. இரண்டு சுவடிகளையும் ஒரே மேசையில் விரித்துப் படிக்கும் ஓர் ஆய்வாளர் தமிழில் வரவேண்டும் என்பது என் ஏக்கம்.

அப்படி வருகிறவர் சித்தியாரின் அமைப்பைப் பின்பற்றட்டும். பரபக்கம் என்ற முதற்பகுதியில் அருணந்தியார் எதிர்க்கட்சிகள் பதினான்கையும் வரிசையாக நிறுத்துகிறார். முதலில் பேசுபவர் உலகாயதர். அவருடைய வாதம் முழு வலுவோடு சொல்லப்பட்ட பிறகே மறுப்பு வருகிறது. இன்றைய உலகாயதர் கொண்டுவரும் வழக்குகள் பழையவற்றைவிடக் கடினமானவை. ரோஜர் ஸ்பெரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது, மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கற்றை துண்டிக்கப்பட்ட வலிப்பு நோயாளிகளை ஆராய்ந்ததற்காக. ஒரு பாதிக்கு மட்டும் காட்டிய படத்தை அடுத்த பாதி அறியவில்லை. பார்த்ததை இடது கை சரியாகத் தேர்ந்தெடுக்க, வாய் ஒன்றும் பார்க்கவில்லை என்றது. கருவி பிளந்தது, அறிபவன் பிளக்கவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. நானும் அப்படித்தான் சாய்கிறேன். ஆனால் ஒரே உயிர் ஒரே கணத்தில் ஒன்றைக் கண்டேன் என்று கையாலும் காணவில்லை என்று வாயாலும் சொல்லுமானால், உணர்த்த உணர்ந்தது எது, இல்லை என்றது எது என்று மூன்றாம் சூத்திரத்தைத் திரும்ப முதல் சொல்லிலிருந்து வாதாட வேண்டியிருக்கிறது. மாபாடியத்துக்குப் பிறகு அந்த வாதத்தை யாரும் தமிழில் தொடங்கியதாக எனக்குத் தெரியவில்லை.